பெயர் நூறு, சிப்பி ஒன்று

சிப்பி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் மனம் முத்தை நோக்கித்தான் ஓடும். கொற்கையும் தூத்துக்குடியும் நமக்குத் தந்த பழக்கம் அது. விலங்கியல் மன்றத்தில் சிப்பியைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, பொருளியல் துறை நண்பர் ஒருவர், "முத்து இன்றைக்கு என்ன விலை?" என்றுதான் கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கும் முதலில் சொல்லிவிடுகிறேன். நான் எழுத வந்தது முத்துச் சிப்பியைப் பற்றியன்று. உண்ணும் சிப்பியைப் பற்றி. இரண்டும் தூரத்து உறவினர்தாம். எனினும் குடும்பம் வேறு. முத்துச் சிப்பி நூல் போன்ற இழைகளால் பாறையைப் பற்றிக்கொண்டிருக்கும். உண்ணும் சிப்பியோ தன் ஓட்டையே பாறையோடு ஒட்டவைத்துக்கொண்டு, பிறகு சாகும்வரை அவ்விடத்தைவிட்டு அசையாது.

அன்று என் பேச்சு முடிந்ததும் வகுப்புத் தோழர் ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்டார். "உலகில் எந்தச் சிப்பி வேகமாக வளர்கிறதோ, நோய் நொடி தாங்குகிறதோ, அதைக் கண்டுபிடித்து எல்லாக் கடற்கரைகளிலும் அதையே வளர்த்துவிட்டால் போயிற்று. ஊருக்கு ஒரு வகை என்று எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும்?" அவையில் கைதட்டல் எழுந்தது. எனக்கு அப்போது சரியான விடை வரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கேள்வி நியாயமானதுதான். அதைவிட வியப்பு, அவர் சொன்ன காரியத்தை உலகம் ஏற்கெனவே ஏறத்தாழச் செய்து முடித்துவிட்டது என்பது. செய்ததன் பலன் என்ன என்று நூலகத்தில் தேடிப் படித்த பிறகு எனக்குத் தோன்றியவற்றையே இங்கு எழுதுகிறேன்.

அவர் தேடிய சிப்பிக்குப் பசிபிக் சிப்பி என்று பெயர். ஸ்வீடன் நாட்டு இயற்கையியலார் துன்பெர்க் 1793இல் ஜப்பானியச் சிப்பி ஒன்றுக்கு 'ஜிகாஸ்' என்று பெயரிட்டார். பூதாகாரமானது என்று பொருள். நெடுங்காலம் கிராசோஸ்ட்ரியா ஜிகாஸ் என்று வழங்கி வந்ததை 2017இல் சிலர் 'மகல்லானா' என்னும் புதிய பேரினத்துக்கு மாற்ற, அதை ஏற்போரும் மறுப்போருமாக அறிஞர்கள் இரண்டு கட்சியாகிவிட்டனர். தேர்வில் எதை எழுதுவது என்று நம் பேராசிரியர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இதன் தாயகம் ஜப்பான், கொரியா, வடசீனம் ஆகியவற்றின் கரையோரம். இன்று அது அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் கனடாவிலும் பிரான்சிலும் அயர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் சிலியிலும் வளர்க்கப்படுகிறது. ஒரு பெண் சிப்பி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் லார்வா இரண்டு மூன்று வாரம் நீரில் மிதந்து திரிந்து, பிறகு கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொள்ளும். உப்பு கூடினாலும் குறைந்தாலும், நீர் குளிர்ந்தாலும் சூடேறினாலும் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். வளர்ப்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி, ஓர் உணவுவிடுதிக்குச் செல்வோம். கற்பனையில்தான், நம் விடுதிக் கட்டணத்திலேயே பாக்கி வைத்திருப்பவன் வேறெப்படிச் செல்வது? அமெரிக்காவின் மேற்குக் கரையில் அமர்ந்து சிப்பி கேட்டால் நீண்ட பட்டியல் ஒன்றை நீட்டுவார்கள். ஃபேனி பே, ஹாமா ஹாமா, வில்லாப்பா, சாமிஷ், டாட்டன் என்று வரிசையாகப் பெயர்கள். பிரான்சுக்குப் போனால் மரேன் ஒலெரோன், கன்கால், ஆர்க்கஷோன். ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனிப் புகழ். படிப்பவன் இத்தனை இனங்களா என்று மலைத்துப்போவான். உண்மை என்னவெனில் மேலே சொன்ன பெயர்களில் இன்று பரிமாறப்படுபவை பெரும்பாலும் ஒரே இனம். அதே பசிபிக் சிப்பி. அவை வளர்ந்த விரிகுடாவின் பெயர்களே சிப்பியின் பெயர்களாகிவிட்டன.

இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. மணப்பாறை முறுக்கின் சுவைக்கு அந்த ஊர்த் தண்ணீரே காரணம் என்று நம் ஊரில் சொல்வார்கள் அல்லவா? முறுக்குக்கு அது எவ்வளவு பொருந்துமோ, சிப்பிக்கு முழுவதும் பொருந்தும். சிப்பி நாள் முழுவதும் கடல்நீரை இழுத்து வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்ப் பாசிகளைத் தின்று வாழ்வது. நீரின் உப்பே அதன் உப்பு. நீரின் பாசியே அதன் சதை. மரேன் ஒலெரோன் பகுதியில் பழைய உப்பளப் பாத்திகளைச் சிப்பிக் குளங்களாக்கி, கடலில் வளர்ந்த சிப்பிகளைக் கொண்டுவந்து சில வாரங்கள் விட்டுவைக்கிறார்கள். அக்குளங்களில் ஹாஸ்லியா என்னும் ஒருவகை டயாட்டம் வளர்கிறது. அது விடும் நீலச்சாயம் சிப்பியின் செவுளில் படிந்து பச்சையாகத் தோன்றும். அந்தப் பச்சைக்காகவே கூடுதல் விலை கொடுக்க மக்கள் காத்திருக்கிறார்கள். வளர்க்கும் முறையும் உருவத்தை மாற்றிவிடும். தெப்பத்தில் கட்டித் தொங்கவிட்டால் ஓடு மெல்லியதாக நீண்டு வளரும். பைகளில் இட்டு அலையில் புரளவிட்டால் விளிம்பு ஒடிந்து ஒடிந்து ஓடு கெட்டிப்பட்டுக் கிண்ணம்போல் குழியும்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த வேறுபாடெல்லாம் சட்டை மாற்றுவது போன்றது. இந்த விரிகுடாச் சிப்பியை எடுத்து அந்த விரிகுடாவில் சில மாதம் போட்டுவைத்தால் அது அந்த ஊர்ச் சிப்பியாகிவிடும். சட்டைக்குள் இருப்பவர் ஒருவரே. நீரால் வரும் இந்த வேறுபாடு ஒருபுறம் இருக்க, பிறப்பால் வரும் வேறுபாடு என்று வேறொன்று உண்டு. என் கட்டுரையின் கவலை அதைப் பற்றியதுதான்.

ஜப்பான் நாடு வடக்கிலிருந்து தெற்காக நீண்டு கிடப்பது. வடகோடியில் ஹொக்கைடோவில் கடல் உறைபனி காணும். தெற்கே கியூஷுவில் வெதுவெதுப்பாக இருக்கும். இந்த நீளம் முழுவதிலும் சிப்பி உண்டு. ஹொக்கைடோ, மியாகி, ஹிரோஷிமா, குமமோட்டோ என நான்கு வட்டாரச் சிப்பிகளை அங்குள்ளோர் நெடுநாளாகவே வேறுபடுத்தி அறிந்திருந்தனர். வடக்குச் சிப்பி பெரியது, விரைந்து வளர்வது. தெற்கே போகப் போக உருவம் சிறுக்கும். இது நீரின் வேலையா, பிறப்பின் வேலையா என்னும் ஐயத்தைத் தீர்க்க இமாய், சக்காய் என்னும் இரு ஜப்பானிய அறிஞர்கள் நான்கையும் ஒரே சூழலில் வளர்த்துப் பார்த்து 1961இல் முடிவை வெளியிட்டனர். ஒரே நீரில் வளர்ந்தபோதும் வேறுபாடுகள் மறையவில்லை. அடுத்த தலைமுறையிலும் தொடர்ந்தன. ஆக, அவை சட்டையல்ல, உடம்பு.

இந்த நான்கில் உலகை வென்றது மியாகி. செண்டாய் நகருக்கு அருகிலுள்ள விரிகுடாக்களில், சிப்பி ஓடுகளைக் கம்பியில் கோத்துக் கடலில் தொங்கவிட்டால் லட்சக்கணக்கான குஞ்சுகள் தாமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பிடித்த குஞ்சுகளை ஏற்றவற்றம் உள்ள ஆழமற்ற இடத்தில் பந்தலிட்டு வைத்து, வெயிலும் காற்றும் படவிட்டு வலுவேற்றுவார்கள். தினமும் சில மணிநேரம் நீரின்றிக் கிடந்து பழகிய குஞ்சு கப்பலில் பல நாள் பயணத்தையும் தாங்கும்.

இந்தப் பயணங்களில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. 1919இல் ஜப்பானிலிருந்து அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கு நானூறு பெட்டிச் சிப்பி போயிற்று. அனுப்பியவர்கள் அங்குக் குடியேறிச் சிப்பித் தொழில் செய்துவந்த ஜப்பானியர்கள். பெட்டிகளைத் திறந்தபோது வளர்ந்த சிப்பிகள் பெரும்பாலும் செத்துக் கிடந்தன. வேறு வழியின்றிச் சாமிஷ் விரிகுடாவில் கொட்டினார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால், செத்த சிப்பிகளின் ஓட்டில் கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருந்த குஞ்சுகள் உயிரோடு வளர்ந்திருந்தன. பெரியது தாங்காத பயணத்தைச் சிறியது தாங்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆனால் அந்த அறிவின் பலனை அவர்கள் நெடுநாள் அனுபவிக்கவில்லை. 1921இல் அம்மாநிலம் இயற்றிய சட்டம் ஜப்பானியக் குடியேறிகள் நிலம் வைத்திருப்பதைத் தடுத்தது. அவர்கள் தம் சிப்பிப் படுகையை அமெரிக்கர்களுக்கு விற்றுவிட்டு விலக வேண்டியதாயிற்று. சிப்பிக்குக் குடியுரிமை கிடைத்தது, கொண்டுவந்தவனுக்குக் கிடைக்கவில்லை. அக்கரையின் சொந்தச் சிப்பியான ஒலிம்பியா, அளவுக்கு மீறி எடுக்கப்பட்டும் காகிதக்கூழ் ஆலைகளின் கழிவாலும் நலிந்துபோக, அதன் இடத்தில் மியாகிச் சிப்பி அமர்ந்தது.

இப்போது குமமோட்டோவின் கதை. தோழரின் கேள்விக்கு இதுதான் என் முதல் விடை.

குமமோட்டோச் சிப்பி மிகச் சிறியது, மெல்ல வளர்வது, கிண்ணம் ஆழமானது. ஜப்பானியச் சந்தையில் பெருஞ்சிப்பிக்கே மதிப்பு என்பதால் இதை ஊரில் பெரிதாக யாரும் பாராட்டவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்கர்கள் விதைச் சிப்பி கேட்டபோது இதுவும் கப்பலேறியது. போன இடத்தில் புகழ்பெற்றது. கோடையிலும் சதை இளகாமல் இருப்பதும், சிப்பியைப் பார்த்து முகம் சுளிப்பவரும் வாயில் போடத்தக்க அளவில் இருப்பதும் அதன் சிறப்பு. பிறகு ஏற்றுமதி நின்றது. அமெரிக்கர்கள் தம்மிடமிருந்த சிப்பிகளிலிருந்தே பொரிப்பகங்களில் குஞ்சு எடுத்துக்கொண்டார்கள். ஜப்பானிலோ, அரியாக்கே கடற்பகுதியில் அந்தச் சிப்பி இன்னும் இருக்கிறதா என்பதே சந்தேகமாகிவிட்டது.

இதற்குள் இன்னொரு செய்தி வெளிப்பட்டது. 1928இல் அமெமியா என்னும் அறிஞர் இதைப் பசிபிக் சிப்பியின் ஒரு வட்டார வகை என்றே கருதி 'சிகமியா' என்று பெயரிட்டிருந்தார். பிற்கால ஆராய்ச்சியோ அது வகையன்று, தனி இனமே என்று காட்டியது. பசிபிக் சிப்பியின் விந்து குமமோட்டோவின் முட்டையைக் கருவுறச் செய்யும். ஆனால் குமமோட்டோவின் விந்து பசிபிக் சிப்பியின் முட்டையில் பயன்படாது. ஒருவழிக் கதவு! வகை என்று நினைத்து இரண்டையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் குஞ்சு எடுத்த இடத்தில் இந்த ஒருவழிக் கதவு என்ன செய்யும் என்பதைப் பாடம் படித்த நாம் ஊகிக்கலாம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பொரிப்பகங்களின் தாய்ச்சிப்பிகளை மரபணு முறையில் சோதித்தபோது, குமமோட்டோ என்ற பெயரில் வைத்திருந்தவற்றுள் கலப்பினங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது. விலையும் அப்படியே இருக்கிறது. உள்ளே இருப்பது கரைந்துகொண்டிருந்தது. சோதித்துப் பிரித்துத் தூய தாய்ச்சிப்பிகளைக் காப்பாற்றினார்கள். நல்லவேளையாக அரியாக்கேயிலும் அது அழியாமல் எஞ்சியிருப்பது 1999இல் உறுதி செய்யப்பட்டது. கொஞ்சம் தாமதித்திருந்தால்? சிறியது, மெல்ல வளர்வது, எதற்காகக் கட்டிக் காக்க வேண்டும் என்று தோழர் கேட்டாரே, அந்தக் கேள்வியை உலகம் கேட்டு விடையும் சொல்லி முடித்திருக்கும்.

இரண்டாவது விடை பிரான்சிலிருந்து வருகிறது. இது சற்றுக் கடுமையானது. ஏனெனில் இதில் தோழரின் கட்சியும் பாதி வெல்கிறது.

பிரான்சின் சொந்தச் சிப்பி தட்டைச் சிப்பி. அளவின்றி வாரியெடுத்ததால் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அது அருகிவிட்டது. 1868இல் போர்ச்சுக்கலிலிருந்து சிப்பி ஏற்றி வந்த கப்பல் ஒன்று புயலுக்கு ஒதுங்கி, கெட்டுப்போய்விட்டதாக நினைத்த சரக்கை ஜிரோந்து முகத்துவாரத்தில் கொட்டியதாகவும், அது பிழைத்துப் பெருகியதாகவும் சொல்வார்கள். இதுவே போர்ச்சுக்கீசியச் சிப்பி. (போர்ச்சுக்கலும் அதன் பிறந்த வீடன்று. ஆசியக் கரையிலிருந்து பழைய வணிகக் கப்பல்களின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று மரபணு ஆராய்ச்சி கூறுகிறது. பசிபிக் சிப்பிக்கு மிக நெருங்கிய பங்காளி அது.) நூறாண்டுக் காலம் பிரான்சின் சிப்பித் தொழிலை இந்த அகதி தாங்கியது. 1960களின் பிற்பகுதியில் செவுள் நோய் வந்தது. 1970 முதல் 1973க்குள் வைரஸ் நோயால் போர்ச்சுக்கீசியச் சிப்பி பிரெஞ்சுக் கரையில் ஏறத்தாழத் துடைத்தெடுக்கப்பட்டது. எஞ்சியிருந்த தட்டைச் சிப்பியையும் 1968 முதல் ஓர் ஒட்டுண்ணியும், 1979 முதல் இன்னோர் ஒட்டுண்ணியும் தாக்கின.

ஒரு கரையோரம் முழுவதும் பிழைப்பு போயிற்று என்றால் எப்படி இருக்கும்! நெல் ஒரே பருவத்தில் ஊர் முழுவதும் கருகியதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அப்போது கைகொடுத்தது மியாகி. கனடாவிலிருந்து தாய்ச்சிப்பிகளும் ஜப்பானிலிருந்து, பெரும்பாலும் மியாகியிலிருந்து, குஞ்சுகளும் 1971 முதல் சில ஆண்டுகள் விமானத்தில் போயின. புதியவன் மண்ணைப் பிடித்துக்கொண்டான். இன்று பிரெஞ்சுச் சிப்பி என்று நாம் கேள்விப்படுவதில் மிகப் பெரும்பகுதி அந்த மியாகியின் வழித்தோன்றலே. வந்த சிப்பி காப்பாற்றியது, மறுக்கவில்லை. வேற்றூர் விதை கூடவே கூடாது என்பது என் கட்சியன்று.

ஆனால் கதை அங்கு முடியவில்லை. 2008 கோடையில் பிரான்சின் இளஞ்சிப்பிகள் கூட்டம் கூட்டமாகச் சாகத் தொடங்கின. ஹெர்ப்பிஸ் வைரஸின் புதிய வடிவம் ஒன்று காரணம். சில இடங்களில் பாதிக்கு மேல், சில இடங்களில் ஏறக்குறைய முழுவதும் போயின. கரைக்குக் கரை பெயர் வேறு. ஆனால் நோய்க்குப் பட்டியல் படிக்கத் தெரியாது. கன்காலும் மரேனும் ஆர்க்கஷோனும் அதற்கு ஒரே உணவுதான். 2010இல் அந்த வகை வைரஸ் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் சிட்னிப் பக்கத்திலும் தலைகாட்டியது. 2016இல் டாஸ்மேனியாவைத் தாக்கியது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. சிட்னியைச் சுற்றியுள்ள கரையின் சொந்தச் சிப்பியான பாறைச் சிப்பி வேறு பேரினத்தைச் சேர்ந்தது, மெல்ல வளர்வது, பசிபிக் சிப்பியின் வேகத்துக்கு முன் நிற்க முடியாதது. அதே நீரில் அது இந்த வைரஸுக்கு இரையாகவில்லை. அதற்கும் தனி நோய் உண்டு என்பது வேறு செய்தி. ஆனால் இரண்டும் ஒரே நாளில் சாவதில்லை. வீட்டில் இரண்டு பேர் சம்பாதிப்பதன் அருமை ஒருவர் படுத்துக்கொள்ளும்போதுதானே தெரிகிறது?

மூன்றாவதாக 2011 மார்ச் 11. ஆழிப்பேரலை மியாகியின் கரையை வழித்துக்கொண்டு போனது. தெப்பங்களும் படகுகளும் பந்தல்களும் போயின. வளர்த்த மக்களும் பலர் போயினர். அப்போது பிரான்சிலிருந்து வளர்ப்புக் கருவிகள் வந்தன. நாற்பது ஆண்டுக்குமுன் பெற்ற உதவிக்குக் கைம்மாறு என்று சொல்லியே அனுப்பினார்கள். 'ஒகாயேஷி' என்று ஜப்பானியர் அதற்குச் சொல்வார்கள். நம் ஊரில் மொய் நோட்டைப் புரட்டி, யார் நம் வீட்டுக்குச் செய்தார்கள் என்று பார்த்துத் திருப்பிச் செய்வது போன்றதுதான். இதை நான் படித்தபோது நெகிழ்ந்தேன். கூடவே ஓர் அச்சமும் பிறந்தது. உலகத்தின் அரைவாசிக் கரைகளுக்கு விதைநெல் கொடுத்த குதிர் ஒரே பிற்பகல் நேரத்தில் அலையில் போகக்கூடியதாக இருக்கிறதே!

கருவி போனால் கருவி வரும். ஒரு வட்டாரத்தின் சிப்பி பல்லாயிரம் ஆண்டுகளாகத் தன் நீருக்கும் குளிருக்கும் தக்கவாறு சேர்த்துவைத்த குணங்களை எந்த நாடு மொய் செய்யும்?

தோழர் இங்கு ஒரு மறுப்பு சொல்லக்கூடும். "பொரிப்பகத்தில் நோய் தாங்கும் சிப்பியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார்களே, இனப்பெருக்கம் செய்யாத மும்மடியச் சிப்பியையே உண்டாக்கிக் கோடையிலும் விற்கிறார்களே, அறிவியலுக்கு முடியாதது உண்டா?" உண்மைதான். ஆனால் தேர்ந்தெடுப்பது என்றால் தேர்ந்தெடுக்கப் பலது இருக்க வேண்டும். ஒரே மாதிரிப் பத்துப் பேர் நிற்கும் வரிசையில் யாரைத் தேர்வது? இன்று நோய் தாங்கும் குடும்பங்களை அறிஞர்கள் பிரித்தெடுக்க முடிகிறதென்றால், கடல் இன்னும் தன் பன்மையை முற்றும் இழக்காததே காரணம். அறிவியலின் கையில் இருப்பது கத்திரிக்கோல், துணி இயற்கையினுடையது.

இன்னொரு மறுப்புக்கும் இடமுண்டு. பசிபிக் சிப்பி போன இடத்தில் சும்மா இருப்பதில்லை. 1960களில் ஹாலந்துக்குக் கொண்டுபோனபோது, அந்தக் குளிர்ந்த நீரில் இது இனம் பெருக்காது என்று நம்பினார்கள். சில வெப்பமான கோடைகள் வந்தன. இன்று அங்கும் அண்டை நாடான ஜெர்மனியின் வாடன் கடற்கரையிலும் அது காட்டுச் சிப்பியாகப் பரந்து பாறைபோல் படர்ந்து கிடக்கிறது. வேலிக்குள் விதைத்தது ஊரெல்லாம் முளைத்த கதை. ஆஸ்திரேலியாவில் ஒரு மாநிலம் வளர்க்கச் சொல்லிக் கொண்டாட, பக்கத்து மாநிலம் கேடு விளைவிக்கும் உயிர் என்று அறிவித்ததும் நடந்தது.

நம் கரைக்கு வருகிறேன். இதற்கும் அந்த ஆர்க்கஷோனுக்கும் ஒரு பழைய உறவு உண்டென்பது எனக்கே புதிய செய்தி. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், ஆர்க்கஷோனில் சிப்பி வளர்க்கும் முறையையும் அதில் இந்தியாவுக்கு உள்ள பாடங்களையும் 1910இல் எழுதினார். பழவேற்காட்டில் சிப்பி வளர்ப்பையும் முயன்றார். ஆர்க்கஷோனில் கூரை ஓடுகளுக்குச் சுண்ணாம்பு பூசிக் கடலில் அடுக்கிக் குஞ்சு பிடிப்பார்கள். வளர்ந்ததும் சுண்ணாம்போடு பெயர்த்தெடுத்துவிடலாம். 1970களில் மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியில் உண்ணும் சிப்பி வளர்ப்பைத் தொடங்கியபோதும் சுண்ணாம்பு பூசிய நாட்டு ஓடுகள் பயன்பட்டன. பிற்பாடு கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில் 1990கள் முதல் ஊர்மக்களே இத்தொழிலை எடுத்துச் செய்தார்கள். இவற்றிலெல்லாம் நான் பெரிதாக மதிப்பது ஒன்று. முறை கடல்கடந்து வந்தது, விதை வரவில்லை. வளர்த்தது நம் கழிமுகங்களின் சொந்தச் சிப்பியை, 1916இல் பிரெஸ்டன் பெயரிட்ட கிராசோஸ்ட்ரியா மதராசென்சிஸை. நம் தலைநகரின் பழைய பெயரையே அது தாங்கி நிற்கிறது.

ஆனால் நம் பாடக் குறிப்பில் அதற்கு ஒரே வரிதான். பழவேற்காட்டிலும் எண்ணூரிலும் வெள்ளாற்று முகத்துவாரத்திலும் தூத்துக்குடியிலும் இருப்பது எல்லாம் 'மதராசென்சிஸ்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் திருப்புகிறோம். அமெமியா 1928இல் எழுதியது போன்ற ஒரு வரிதான் அதுவும். எண்ணூரின் நீர் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைச் சென்னைத் தோழர்கள் அறிவார்கள். அங்குள்ள சிப்பிக்கு மற்ற ஊர்ச் சிப்பிக்கு இல்லாத குணம் ஏதேனும் உண்டா என்று பார்ப்பதற்குள் அது போய்விடக் கூடாதே என்பது என் கவலை.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. ஆண்டுதோறும் கல்விச் சுற்றுலா போகிறோம். தூத்துக்குடியில் சங்கு வாங்குகிறோம். கடற்கரையில் நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். அடுத்த முறை போகும் கழிமுகம் ஒவ்வொன்றிலும் பத்துச் சிப்பி எடுத்து, நீளம், அகலம், கிண்ணத்தின் ஆழம், நீரின் உப்பு, நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவைக்க அனுமதிக்க வேண்டும். செலவு ஒரு நூல்கண்டும் ஓர் அளவுகோலும்தான். உப்புமானி நம் ஆய்வகத்திலேயே இருக்கிறது. பின்னால் வருகிற வகுப்பினர் அதே இடத்தில் அதே நோட்டில் தொடர்வார்கள்.

இதை எழுதும்முன் நம் துறையின் அருங்காட்சி அறைக்குப் போய் அலமாரியைப் பார்த்தேன். மேல்தட்டில், பார்மலின் மஞ்சளித்த ஜாடி ஒன்றில் மூன்று சிப்பிகள் இருக்கின்றன. ஒன்று நீளம்; ஒன்று அகலம்; ஒன்று கையடக்கமாகக் குழிந்தது. முன்பு யாரோ அழகான கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். 'உண்ணும் சிப்பி' என்று இருக்கிறது. எந்த ஊர் என்று இல்லை.